ஒப்புதல் மட்டும் போதாது

பிப்ரவரி 9

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

என் உடல்நிலையைப் பற்றிப் புகார் சொல்ல அதிகம் இல்லை. பல்வலி மட்டும் தன் உரிமையை விட்டுக்கொடுக்க மறுக்கிறது. உன் இருமல் தணிந்ததா? கரும்பலகையை ஈரத்துணியால் துடைக்கும்படி சொன்னேன், செய்கிறாயா?

நீ அறிந்ததே ஆயினும், பின்னால் ஐயம் எழக்கூடாது என்பதற்காக மீண்டும் எழுதிவைக்கிறேன். உன் அண்ணியும் நானும் பிரிந்து வாழ்வது என்று முடிவாகிவிட்டது. குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பது மட்டும் நீதிமன்றத்தின் முன் நிற்கிறது. தீர்ப்பு வரும்வரை அவள் உன் வீட்டில் தங்கி, உன் பள்ளியில், உன் வகுப்பிலேயே படிப்பாள். அதுவரை நாங்கள் இருவருமே அவளை நேரில் காண்பதில்லை, தொலைபேசியில் பேசுவதில்லை. இருவரும் எழுத்தில் சம்மதித்தாலன்றி இதை மீறலாகாது. குழந்தையின் மனத்தை ஒருவர் கலைத்தார் என்று மற்றவர் சொல்ல இடமிருக்கக் கூடாது. அதற்காக அந்த வாசகத்தை நானே எழுதினேன். ஒப்பந்தம் எழுதியே பிழைப்பவன் நான். அதில் ஓட்டை ஏதும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

உன்னிடமும் தொலைபேசியில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. மணி அடித்தால் அவள்தானே முதலில் ஓடிவந்து எடுப்பாள்.

பின்வருவனவற்றுக்குப் பதில் எழுது. உன் வகுப்பறை ஜன்னலுக்குக் கம்பி உண்டா? வசந்தப் பருவத்தில் குழந்தைகளை வெளியே அழைத்துச் செல்வதாகச் சொன்னாய். குளம், கிணறு போன்றவை வழியில் உள்ளனவா? பெற்றோரின் சம்மதம் எழுத்தில் பெறப்படுகிறதா? அவளுடைய இடது காலணி கடிப்பதாகச் சொன்னாள், மாற்றினாயா? பால் குடிக்கிறாளா?

பால்கனித் தொட்டிகளுக்குக் காலையில் தண்ணீர் ஊற்றுகிறேன். அவற்றில் இப்போது எதுவும் இல்லை. இருந்தும் ஊற்றுகிறேன்.

உன் நலம் விழையும்,
அண்ணன்


பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் போய்விட்டது, பதிலுக்குத் தொண்டை போய்விட்டது; இரண்டாம் வகுப்பு ஆசிரியைக்கு இது சம்பளத்தோடு வருவது. நீ பல்லைப் பிடுங்கிக்கொள். வலிக்கிற ஒன்றை வாயிலேயே வைத்துக்கொண்டு எத்தனை நாள் பொறுப்பாய்?

ஜன்னலுக்குக் கம்பி உண்டு. வழியில் குளம் இல்லை, குட்டை உண்டு. தவளைக்கே கணுக்கால் அளவு. சம்மதம் எழுத்தில் வாங்குகிறோம். காலணி மாற்றியாயிற்று. பாலைக் குடிக்கிறாள், பாதியை வாசல் பூனைக்குக் கொடுத்துவிட்டு.

மலையூர்ப் பள்ளிக்குக் கோடை விடுமுறை இல்லை என்ற தைரியத்தில் எங்கள் தலைமையாசிரியை வசந்தம் முழுவதும் பாதிப் பாடம் சுவருக்கு வெளியே நடக்க வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். கொடிக்கம்பத்தின் நிழலைக் கயிறு போட்டு அளக்கிறோம். தண்ணீர்க் குழாயின் வளைவில் ஒரு குருவி கூடு கட்டுகிறது. அது எத்தனை முறை வந்து போகிறது என்று முறை வைத்து எண்ணுகிறோம். ஆளுக்கொரு காகிதக் கோப்பையில் பீன்ஸ் விதை போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்திருக்கிறோம். வகுப்பில் எல்லோருக்கும் பட்டப்பெயர் உண்டு. ‘பெரிய மனுஷி’ என்று ஒருத்தி, எதையும் விசாரிக்காமல் விடமாட்டாள்.

“டீச்சர், விதைக்கு எந்தப் பக்கம் தலை?”

“எப்படி வச்சாலும் வேர் கீழதான் போகும்மா.”

“அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

அப்போது ‘வால்’ குறுக்கே விழுந்தான். பெயர் சும்மா வரவில்லை அவனுக்கு. “அதுக்கும் உள்ள ஒரு டீச்சர் இருப்பாங்கடி. பிரம்பு வச்சிக்கிட்டு.”

வாலுக்குப் பக்கத்து இடம்தான் உன் மகளுக்கு, நம் அணிலுக்கு. அவளால் உட்கார முடியவில்லை, அண்ணா. ஒரு கணக்குப் போடுவாள், எழுந்து ஜன்னலுக்குப் போவாள். ஒரு வரி எழுதுவாள், எழுந்து வாசலுக்குப் போவாள். பெஞ்சில் ஆணி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிக்கூடப் பார்த்தேன். வீட்டில் தொலைபேசி மணி அடித்தால் ஓடுகிறாள். காஸ்காரன் குரல் கேட்டதும் முகம் தொங்க, என்னிடம் நீட்டிவிடுகிறாள்.

இத்தனை கேள்வி கேட்டாயே, ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்கிறேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல நான் என்ன உன் கட்சிக்காரியா?

பல்லைக் கவனி.

தங்கை


மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமா என்று கேட்டுப் போன கடிதத்துக்கே பதில் இல்லை; இருந்தாலும் மறுபடி கேட்கிறேன், சுகமா? இங்கே உடம்பு எல்லோருக்கும் நன்றாக இருக்கிறது. மனசுதான் சரியில்லை.

வியாழன் மாலை ஆசிரியர் கூட்டம். வெள்ளி காலை வகுப்பைத் திறந்ததும் பெரிய மனுஷி போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு வாத்தியார் விசிலோடு ஓடிவந்தார். ஜன்னல் விளிம்பில் இருந்த செடிகள் எல்லாம் பிடுங்கிப் போடப்பட்டிருந்தன. அப்போதுதான் இரண்டிரண்டு இலை விட்டிருந்தன. ஒரே ஒரு கோப்பையில் மட்டும் மண் கலையாதது போல் இருந்தது. அது வாலுடையது. அவன் விதை இன்னும் முளைக்கவே இல்லை.

“வேற யாரு? இவன்தான் டீச்சர்! தன்னோடது முளைக்கலைன்னு வயித்தெரிச்சல்,” என்றாள் பெரிய மனுஷி.

“எனக்கு வயித்தெரிச்சலெல்லாம் கிடையாது. பசிதான் இருக்கு.”

“பாத்தீங்களா, பேச்ச மாத்துறான்! நேத்து சாயங்காலம் நீ இங்கதானே சுத்திட்டிருந்த?”

“எங்கப்பா லேட்டா வந்தாரு. அணிலும்தான் இருந்தா.”

“டீச்சர் வீட்டுப் பொண்ணுடா அவ! அவ செய்வாளா?”

மதியத்துக்குள் அவனோடு சேர்ந்து சாப்பிட ஆள் இல்லை. அவன் சிரித்துக்கொண்டேதான் இருந்தான். ஆனால் குழாயடியில் நெடுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

உண்மை வெளிவராவிட்டால் வசந்தச் சுற்றுலா ரத்து என்கிறார் தலைமையாசிரியை. நான் மிரட்டிக் கேட்கலாம். பயந்து யாராவது தலையாட்டிவிடுவார்கள். அது எனக்கு வேண்டாம். நியாயமாக விசாரிப்பது எப்படி என்று ஏழெட்டு வயதுக்குப் புரிகிற மாதிரி சில விதிகள் எழுதி அனுப்பு. அந்த வேலைக்குத்தானே உன்னை அப்பா கடன் வாங்கிப் படிக்கவைத்தார்.

அன்று முழுவதும் அணில் தன் இடத்தைவிட்டு ஒருமுறைகூட எழவில்லை. எனக்கு அதுதான் அதிசயம்.

தங்கை


மார்ச் 22

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் அவ்வாறே என்று கொள்கிறேன். உன் கடிதம் இன்று காலை கிடைத்தது. இன்றே பதில் எழுதுகிறேன். விதிகளை வகுப்புச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டவும்.

முதல் விதி: நிரூபணம் ஆகும்வரை எவரையும் குற்றவாளி என்று அழைக்கலாகாது.

இரண்டாம் விதி: யாரைப் பற்றி முடிவு எடுக்கப்படுகிறதோ, அவரைக் கேளாமல் முடிவு எடுக்கலாகாது.

மூன்றாம் விதி: சாட்சி, கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும், நேரில் வந்து சொல்ல வேண்டும், கேள்விகளுக்குப் பதில் அளிக்க வேண்டும்.

நான்காம் விதி: ஒருவர் ‘நான்தான் செய்தேன்’ என்று தாமே ஒப்புக்கொண்டாலும் அது மட்டும் போதாது. வேறு சாட்சி வேண்டும்.

ஐந்தாம் விதி: தண்டனை எதுவாயினும் உணவையோ விளையாட்டையோ பறிப்பதாக இருக்கலாகாது.

நான்காம் விதி குழந்தைகளுக்கு விளங்காமல் போகலாம். எனினும் அதை மட்டும் எக்காரணம் கொண்டும் நீக்கிவிடாதே. அச்சத்தினாலோ இரக்கத்தினாலோ குழந்தைகள் எதையும் ஒப்புக்கொள்வார்கள். அவர்களை அவர்களிடமிருந்தே காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

உன் கடிதத்தின் கடைசி வரிகளை இருமுறை படித்தேன். அவை குறித்து எனக்குக் கருத்து ஏதும் இல்லை.

அண்ணன்


ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பல்லும் நீயும் இன்னும் ஒன்றாகத்தான் இருக்கிறீர்களா? எனக்குத் தொண்டை திரும்பிவிட்டது. அது இல்லாமல் இருந்திருந்தாலே நல்லது, பேசவேண்டியது அப்படி வந்து சேர்ந்திருக்கிறது.

உன் விதிகளைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். இரண்டே நாளில் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கக் கற்றுக்கொண்டார்கள். சாப்பாட்டு வரிசையில் இடித்தால்கூட “முதல் விதி, முதல் விதி” என்று கத்துகிறார்கள். திங்களன்று விசாரணை வைத்தோம். பெரிய மனுஷிதான் நீதிபதி. நான் தேர்ந்தெடுக்கவில்லை, அவளே போய் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வாலைக் கேட்டார்கள். “நான் பண்ணல” என்றான். “நம்புற மாதிரி சொல்லு” என்றாள் நீதிபதி. “நம்புற மாதிரி எப்படிச் சொல்றது? அழணுமா?” என்று கேட்டான் அவன்.

அப்போது அணில் எழுந்தாள்.

“நான்தான் பண்ணேன்.”

 நீதிபதி அடிக்கோலால் சுவரைத் தட்டினாள்.

“நாலாவது விதி. தானே சொன்னா மட்டும் போதாது. சாட்சி எங்க?”

“சாட்சி இல்ல. யாரும் இல்லாதப்பதான் பண்ணேன்.”

“அப்ப செல்லாது. உக்காரு.”

“நெஜமாத்தான் சொல்றேன்!”

“நீ அவன் பக்கத்துல உக்கார்றவ. அவனக் காப்பாத்த சொல்ற. நாலாவது விதி இதுக்குத்தான் இருக்கு. இல்லையா டீச்சர்?”

ஆமாம் என்று தலையாட்டினேன். விதி இதுக்குத்தான் இருக்கு.

கை தூக்கச் சொன்னார்கள். ஒரு கைகூட அவள் சொன்னதை நம்பவில்லை. வால்கூடத் தூக்கவில்லை, “பாவம்டா, எனக்காகப் பொய் சொல்லுது” என்று பக்கத்துப் பையனிடம் பெருமையாகச் சொன்னான். இப்போது அவன்மேல் இருந்த சந்தேகமும் தீரவில்லை, இவளுக்குப் ‘பொய்ச்சாட்சி’ என்று புதுப் பட்டமும் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் பண்ணேன்னு நானே சொன்னாலும் ஏன் அத்தை நம்பமாட்டேங்கறாங்க? அந்த விதிய யாரு எழுதினா?”

“ஒரு வக்கீல்.”

“அவருக்கு என்னைத் தெரியுமா?”

நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும், அண்ணா? எழுது, மனப்பாடம் பண்ணி வைத்துக்கொள்கிறேன்.

பிறகு அவளே சொன்னாள்: “அப்பாக்குத் தெரியும். பால்கனிச் செடிய நான் புடுங்கறப்ப கதவுகிட்ட நின்னு பாத்துட்டே இருந்தாரு. ஒண்ணும் சொல்லல. அப்பா சொன்னா நம்புவாங்கல்ல?”

மறுநாள் வகுப்பில் மனுப் போட்டாள். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அழைப்பாணை இத்துடன் இருக்கிறது. வந்துவிடு.

தங்கை


(இணைப்பு)

மதிப்பிற்குரிய அணிலோட அப்பாவுக்கு,

இரண்டாம் வகுப்பு கோர்ட் எழுதுவது. நாங்கள் நலம். நீங்கள் நலமா. எங்கள் செடிகளில் சில நலம், சில செத்துவிட்டது.

உங்கள் பொண்ணு தான்தான் பண்ணினேன் என்கிறாள். நாங்கள் நம்பவில்லை. நீங்கள் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறாள். அதனால் நீங்கள் நேரில் வரவும். வெள்ளிக்கிழமை என்றால் நல்லது, அன்றைக்கு ஓவியம் இல்லை. பெரிய நாற்காலி ஒன்றுதான் உள்ளது, அது நீதிபதிக்கு. உங்களுக்குச் சின்னது.

பொய் சொல்லக் கூடாது.

இப்படிக்கு,
நீதிபதி


மே 2

அன்புத் தங்கைக்கு,

நலமே. தாமதத்துக்கு வேலைப்பளு காரணம் என்று எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன், அது உண்மையன்று.

நான் வர இயலாது. ஒப்பந்த வாசகம் தெளிவாக இருக்கிறது. நான் அதை மீறினேன் என்பது உன் அண்ணியின் வழக்கறிஞருக்குத் தெரிந்தால், தீர்ப்பு எனக்கு எதிராகத் திரும்பலாம். ஒரு வெள்ளிக்கிழமைக்காக அவள் என்னோடு வாழக்கூடிய ஆண்டுகளைப் பணயம் வைக்க முடியாது. தவிர, என் சாட்சியம் சட்டப்படி வலுவற்றது. நான் கண்டது என் வீட்டுச் செடிகளை அவள் பிடுங்கியதை. உங்கள் வகுப்புச் செடிகளை அன்று. முன்பு ஓரிடத்தில் செய்தவர் இப்போது வேறிடத்திலும் செய்திருப்பார் என்று கருதலாகாது.

இருப்பினும் நீதிமன்றத்தை அவமதிக்க விரும்பவில்லை. நான் கண்டதைப் பிரமாணப் பத்திரமாக எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் வைத்து இணைத்திருக்கிறேன். நீதிபதியிடம் சேர்ப்பிக்கவும்.

காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பினால், கதவைப் பூட்டினோமா என்று படியிலிருந்து திரும்பி வருகிறேன். பூட்டித்தான் இருக்கிறது. மீண்டும் இறங்கி, மீண்டும் ஏறுகிறேன். இதற்கும் வழக்குக்கும் தொடர்பில்லை. நீ உடல்நலம் கேட்பாய் என்பதால் எழுதினேன்.

அண்ணன்


மே 9

அண்ணா,

நான் சுகம். நீ சுகமில்லை என்று தெரிகிறது. படியேறி இறங்கினால் அது தீராது.

உன் பத்திரத்தைப் பெரிய மனுஷி உடனே தள்ளுபடி செய்துவிட்டாள். முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “காகிதத்த நான் எப்படிக் கேள்வி கேக்கறது?” மூன்றாம் விதி, நேரில் வர வேண்டும். நீ எழுதியது.

“அப்பா வரலையா?” என்று அணில் கேட்கவில்லை. பத்திரத்தை வாங்கி உன் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு இடத்தில் போய் உட்கார்ந்து இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் அப்படித்தான் உட்காருகிறாள், தன் கையைத் தானே கைதுசெய்த மாதிரி. திரும்ப நட்ட செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் முறை வந்தால்கூடக் கையை எடுப்பதில்லை.

இன்னொன்று சொல்கிறேன். பிடுங்கப்பட்ட செடிகள் எப்படிக் கிடந்தன என்று உனக்கு நான் எழுதவே இல்லை. வேண்டுமென்றேதான் விட்டேன். ஜன்னலுக்குக் கம்பி உண்டா, குளம் உண்டா, சம்மதம் எழுத்திலா என்றெல்லாம் கேட்கிற ஆள், அதை மட்டும் கேட்கவில்லை. ஒரு வக்கீல் ஒன்றைக் கேட்கவில்லை என்றால் அது அவனுக்கு முன்பே தெரியும் என்று அர்த்தம். மார்ச் மாதமே உனக்குத் தெரியும். அவளைக் காப்பாற்றத்தான் நான்காம் விதியை எழுதினாய். இப்போது அவள் அதற்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் இருக்கிறாள்.

வகுப்பில் எல்லோரும் அந்த ஜன்னலைப் பார்த்தவர்கள். பார்க்காமலே தெரிந்தவன் நீ ஒருவன். வலுவற்ற சாட்சியம் என்கிறாய். இதைவிட வலுவானது எது?

அண்ணியின் சம்மதம்தானே தடை? கேட்டாயா?

தங்கை


மே 14

அணிலின் அம்மாவுக்கு,

உன் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மருந்துக் கடையில் நின்றபடியே வேலை செய்யாமல் உயரமான முக்காலி ஒன்று கேட்டு வாங்கிக்கொள். நான் நலம்.

நம் ஒப்பந்தத்தின்படி, குழந்தையைக் காண்பதற்கு உன் எழுத்துமூலமான சம்மதம் வேண்டி இதை எழுதுகிறேன். அவள் படிக்கும் வகுப்பில் யாரோ செடிகளைப் பிடுங்கியிருக்கிறார்கள். அவள் தான்தான் என்கிறாள்; குழந்தைகள் நம்ப மறுக்கிறார்கள். நம் வீட்டுப் பால்கனியில் அவள் செய்ததை நான் கதவருகே நின்று பார்த்திருக்கிறேன். அதைச் சாட்சியாகச் சொல்ல ஒரு நாள், ஒரு மணி நேரம். அவளிடம் வழக்கைப் பற்றி ஒரு சொல்லும் பேசமாட்டேன். நீ விரும்பினால் உன் தரப்பில் ஒருவர் உடன் இருக்கலாம்.

மறுக்க உனக்கு முழு உரிமை உண்டு. வாசகம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதை எழுதியபோது, நம் இருவரில் ஒருவர் மற்றவரிடமிருந்து அவளைக் காப்பாற்ற வேண்டியிருக்கும் என்றே எண்ணினேன். இப்படி ஒரு காரணத்துக்கு அவள் நம்மைக் கூப்பிடுவாள் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அணிலின் அப்பா


மே 20

அணிலின் அப்பாவுக்கு,

முதுகு அப்படியேதான். முக்காலி கேட்டிருக்கிறேன்.

சம்மதம். ஆனால் என் தரப்பில் வேறு யாரையும் அனுப்பமாட்டேன், நானே வருவேன். அதற்கு உங்கள் சம்மதத்தை எழுதி அனுப்புங்கள். உங்கள் ஓட்டையில்லாத வாசகம் அதையும் கேட்கிறதே.

நீங்கள் கதவருகே நின்று பார்த்தீர்கள். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருவரும் பார்த்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

சாப்பிடுகிறீர்களா?

அணிலின் அம்மா


ஜூன் 3

அன்புத் தங்கைக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். பல்லைப் பிடுங்கியாயிற்று, இடம் வெறுமையாக இருக்கிறது, நாக்கு ஓயாமல் அங்கேயே போகிறது, ஆனால் வலி இல்லை. உன் தொண்டைக்கு வெந்நீர் குடி.

வெள்ளிக்கிழமை நடந்ததில் பெரும்பகுதி உன் கண்முன் நடந்தது. எனினும் நான் கண்டவாறு எழுதிவைக்கிறேன். இதற்கு முன் நான் சாட்சிக் கூண்டில் நின்றதில்லை. முழங்கால் தாடையில் இடிக்கும் அளவுக்குச் சிறிய நாற்காலியில் அமர்ந்ததும் இல்லை. மூன்றாம் வரிசையில் அவள் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சாட்சியிடம் சிரிக்கக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“உங்க வேலை என்ன?” என்றாள் நீதிபதி.

“வக்கீல்.”

“இந்த விதியெல்லாம் யாரு எழுதினா, தெரியுமா?”

“நான்தான்.”

அப்போதுதான் அணில் நிமிர்ந்தாள். அந்தப் பார்வைக்கு என்ன பெயர் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

“அவ வீட்ல செடிய எப்படிப் புடுங்குவா? பாத்தத மட்டும் சொல்லுங்க.”

“வேர் அறுந்துபோகாம, தண்டோட அடியில ரெண்டு விரலால பிடிச்சு மெதுவா இழுப்பா. மண்ணை வாயால ஊதுவா. அப்புறம் ஈரத்துணி விரிச்சு, குட்டையிலேர்ந்து நெட்டை வரைக்கும் வரிசையா படுக்கவைப்பா.”

வகுப்பில் எழுந்த சத்தம் நினைவிருக்கிறதல்லவா? “அப்படியேதான்டா கிடந்துச்சு!” என்று வால் பெஞ்சின்மேல் ஏறிவிட்டான். நீதிபதி மட்டும் அசரவில்லை. “டீச்சர், நீங்க இவருக்குச் சொன்னீங்களா?” என்று உன்னையே கேட்டாள். நீ இல்லை என்றாய். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அவ ஏன் புடுங்குவா?”

“வேர் விட்டிருக்கான்னு பாக்க.”

“அவ சொன்னாளா?”

“இல்ல. நானா நினைச்சுக்கிட்டேன்.”

“ஏன் அவளக் கேக்கல?”

தங்கையே, என் தொழிலில் பதில் தெரியாத கேள்விக்கும் ஒரு பதில் வைத்திருப்போம். அன்று மட்டும் “தெரியல” என்றேன். அவள் அதைப் பலகையில் எழுதினாள்.

வெளியே காத்திருந்த உன் அண்ணி உள்ளே அழைக்கப்பட்டாள். நான் சொன்னதையே சொன்னாள். கூடவே எனக்குத் தெரியாத ஒன்றையும் சொன்னாள். “முளைக்காத விதைய மட்டும் திரும்பப் புதைச்சுடுவா. அதுக்கு மட்டும் ரெண்டு பங்கு தண்ணி ஊத்துவா. அதுக்குத்தான் தாகம் ஜாஸ்தின்னு சொல்லிட்டே ஊத்துவா.” வாலின் கோப்பை அன்று காலை சொட்டிக்கொண்டிருந்ததாம், ஜன்னல் விளிம்பில் ஈர வட்டம் இருந்ததாம், பிள்ளைகள் அப்போதுதான் நினைவுகூர்ந்தார்கள். அவனைக் குற்றவாளி ஆக்கிய கோப்பை அதுதான். அத்தனை கைகளும் உயர்ந்தபோது அணில் அழுதாள்; நம்பப்பட்டதற்காக ஒருவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. வால் திரும்பி அவளைப் பார்த்து, “என் விதைக்கு நீ தண்ணி ஊத்தினியா? அதான் அழுகிப் போச்சா?” என்றான். அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

தண்டனையையும் அவனே சொன்னான். கண்ணாடி டம்ளரில் ஈரக்காகிதம் சுற்றி, காகிதத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் விதையைச் செருகினால், பிடுங்காமலே வேர் தெரியும். அணில் அப்படி எல்லோருக்கும் ஒவ்வொன்று செய்து தர வேண்டும். ஐந்தாம் விதிக்கு உட்பட்ட தீர்ப்பு, மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

நீ காணாதது இதன்பிறகு நடந்தது. நீ குழந்தைகளைக் குருவிக்கூட்டுக்கு அழைத்துச் சென்றபோது, நாங்கள் மூவரும் குழாயடிப் பெஞ்சில் அமர்ந்தோம். வழக்கைப் பற்றிப் பேசுவதில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தேன், பேசவில்லை. அவள்தான் பேசினாள்.

“ரெண்டாவது விதியும் நீங்கதான் எழுதினீங்களாப்பா?”

“ஆமா.”

“அப்ப உங்க கேஸ்ல மட்டும் ஏன் என்னை யாரும் கேக்கல? அது பெரியவங்களுக்குக் கிடையாதா?”

நான் உன் அண்ணியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பல மாதங்களாக நாங்கள் ஒரே பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை.

“கிடையாதுன்னு யாரும் எழுதலடா கண்ணு,” என்றாள் அவள்.

“அப்ப கூப்பிடுங்க. நான் நேர்ல வர்றேன். காகிதமெல்லாம் வேணாம்.”

அவள் என்ன சொல்வாள் என்பது எனக்குத் தெரியாது. எனக்கு எதிராகவும் இருக்கலாம். இருந்தாலும் அவளைக் கேட்கும்படி நீதிமன்றத்தில் இருவரும் சேர்ந்தே மனுச் செய்வது என்று முடிவு செய்தோம். நான் பையில் கொண்டுவந்திருந்த ஒப்பந்தத்தில், அவளைக் காண்பதில்லை, பேசுவதில்லை என்ற வாசகத்தை அந்தப் பெஞ்சிலேயே அடித்து, ஓரத்தில் இருவரும் கையெழுத்திட்டோம். கைக்குக் கிடைத்தது அவளுடைய சிவப்புப் பென்சில்தான். செல்லுமா என்று கேட்டாள் உன் அண்ணி. செல்லும் என்றேன்.

டம்ளரில் எனக்கும் ஒன்று செய்து கொடுத்தாள். பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர், “என்ன சார், பல்செட்டா?” என்று கேட்டார். சிந்தாமல் கொண்டுவந்துவிட்டேன். இரண்டு நாளாகப் படியேறித் திரும்பி வருவது கதவுக்காக அல்ல, அந்த டம்ளருக்காக.

பிப்ரவரியில் நீ எழுதினாய், நான் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது என்று: அவள் என்னைத் தேடுகிறாளா? அதை இனி உன்னிடம் கேட்கப்போவதில்லை. சனிக்கிழமை மாலை உன் வீட்டுத் தொலைபேசி அடிக்கும். நீ எழுந்திருக்க வேண்டாம்.

அண்ணன்